செத்தவர் சிரிக்க வேண்டும்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று ஒரு பிணத்தோடு சண்டை போட்டேன். பிணம் ஜெயித்தது.

காசிமேட்டில் மூடிக் கிடக்கும் ஒரு ஐஸ் ஃபேக்டரியில் படப்பிடிப்பு. ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் பகலை இரவாக்கி வைத்திருக்கிறோம். படத்தின் பெயர் 'குருதிக் கப்பம்'. துறைமுகத்தை ஆட்டிப்படைக்கும் தங்கப்பன் என்கிற தாதாவை, கப்பலில் வந்த ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கடித்துவிடுகிறது. செத்து, ரத்தக் காட்டேரியாக எழுகிறான். தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கடித்து ஒரு காட்டேரிக் கும்பலை உருவாக்குகிறான். பிறகு ஊரில் மாமூலுக்குப் பதில் ரத்தம் வசூலிக்கிறான். அதிகாரம் என்பதே ரத்தம் குடிப்பதுதான் என்று சொல்கிற கதை. இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

பல வருடம் மற்றவர்களின் காமெடிப் படங்களில் இணை இயக்குநராக இருந்து, யார் யாரோ வழுக்கி விழுவதற்கு நேரம் பார்த்துக் கொடுத்தவன் நான். என் முதல் படத்தில் ஒருவரும் சிரிக்கக் கூடாது. கடைசிக் காட்சியில் தியேட்டர் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

தங்கப்பனாக நடிப்பவர் நாகலிங்கம் அண்ணன். எழுபதைத் தாண்டியவர், வியாசர்பாடிக்காரர், நாடக மேடையிலிருந்து வந்தவர். இன்று அவருடைய முதல் சாவு. பிரமாதமாகச் செத்தார். கட் சொன்னேன். எழுந்திருக்கவில்லை. பதறிப்போய்க் கிட்டே ஓடினால், கண்ணைத் திறக்காமலே பேசுகிறார்.

"சிரிப்பு ஷாட் எடு தம்பி. அப்பதான் எழுந்துப்பேன்."

சினிமாக்காரர்களின் சடங்கு இது. பிணமாக நடித்தவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், கேமரா ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஆகாதாம். எங்கள் யூனிட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த ஷாட்டுக்கு எண் எழுதிய க்ளாப் பலகைகூட அடிக்க மாட்டோம் என்கிறார்கள். எழுந்தவனுக்கு எண் போடக் கூடாதாம். எனக்கு இளம்பரிதி என்று பெயர் வைத்த அப்பா, வேண்டுமென்றே ராகு காலத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். நான் ஒத்துக்கொள்வேனா? அடுத்த காட்சியில் காட்டேரியாக எழுந்திருக்கத்தானே போகிறீர்கள், அது போதாதா அண்ணே என்று கேட்டேன்.

"பேயா எழுந்துக்கறது கணக்குல வராது தம்பி. மனுசனா எழுந்துக்கணும்."

யூனிட் மொத்தமும் அவர் பக்கம். வேறு வழியில்லாமல் எடுத்தேன். எழுந்து உட்கார்ந்தார். அடுத்த காட்சிக்காக முன்கூட்டியே மாட்டியிருந்த கோரைப்பல் செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் துடைத்து மடித்து வைத்துக்கொண்டார். பிறகு கேமராவைப் பார்த்து ஈ என்று சிரித்தார். அந்த நேரம் பார்த்து லைட்மேன்கள் எல்லோருக்கும் ஒரே தும்மல். தூசி அதிகம். நாளை தண்ணீர் தெளிக்கச் சொல்ல வேண்டும்.

வரும் வழியில் இட்லி மாவு வாங்க மறந்துவிட்டேன். என் மனைவி மேகலா உப்புமா கிண்டினாள்.

பிப்ரவரி 6, வியாழன்

காட்டேரிக் கும்பல் உருவாகும் காட்சி. பதிமூன்று ரவுடிகள் கடிபட்டுச் சாகிறார்கள். ஆளுக்கொரு சிரிப்பு ஷாட். எல்லோரும் ஒன்றாக நின்று சிரித்துத் தொலையுங்கள் என்றால் ஒருத்தனும் சம்மதிக்கவில்லை. எமன் தனித்தனியாகத்தான் பார்ப்பானாம். ஒருவன் தலை சீவிக்கொண்டு வந்து சிரித்தான். இன்னொருவன் சிரித்துவிட்டு வணக்கமும் வைத்தான். அரை நாள் போயே போய்விட்டது.

ரத்தத்தைச் சர்க்கரைப் பாகில் செய்திருக்கிறார்கள். காசிமேட்டு ஈக்களுக்குச் சொல்லவா வேண்டும்? ஊரையே நடுங்கவைக்க வேண்டிய என் காட்டேரிகள் வரிசையாக நின்று ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி 9, ஞாயிறு

விடுமுறை. கேஸ் சிலிண்டர் வரவில்லை. வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

தயாரிப்பாளர் தணிகாசலம் வந்திருந்தார். ஆரணியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நல்ல மனிதர், சினிமா தெரியாது.

இன்று முக்கியமான காட்சி. காட்டேரிகள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசி, ராயபுரம் யாருக்கு, தண்டையார்பேட்டை யாருக்கு என்று பிரித்துக்கொள்கிறார்கள். அப்போது ஒருவன் எழுந்து, எனக்குச் சுகர் இல்லாத ஏரியாவாகப் பார்த்துக் கொடுங்கள், போன வாரம் முழுக்கத் தலை சுற்றல் என்று தங்கப்பனிடம் முறையிடுகிறான். நகர மக்களின் உடல்நலம் பற்றிய என் கடுமையான விமர்சனம் அது. தணிகாசலம் நாற்காலியிலிருந்து விழாத குறையாகச் சிரித்தார். டேக் வீணாகிவிட்டது.

"காமெடி சூப்பரா வந்துனுகீது டைரக்டர் சார்," என்றார்.

ஓரமாக அழைத்துப் போய் அது காமெடி இல்லை என்று பொறுமையாக விளக்கினேன். குறியீடு, அரசியல் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். மன்னிப்பும் கேட்டார். காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறினார்.

சாயங்காலம் அந்தக் காட்சியை மேகலாவுக்குப் படித்துக் காட்டினேன். மாநகராட்சிப் பள்ளியில் கணக்கு டீச்சர், எதற்கும் லேசில் சிரிக்காதவள். பாதியில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய் வெகுநேரம் தண்ணீர் குடித்தாள். மிளகு ரசம் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

கடைசி நாள். விடியும்போது கடற்கரையில் தங்கப்பனின் முடிவை எடுத்தோம். ஆட்கள் எல்லோரும் அழிந்துவிட்டார்கள். தன்னந்தனியாக மணலில் கிடக்கிறான். சூரியன் வருகிறது. ஓடலாம், ஓடவில்லை. முகத்தில் வெயில் படும்போது கண்ணை மூடிக்கொள்கிறான். அவ்வளவுதான் காட்சி.

நாகலிங்கம் அண்ணன் செய்ததைப் பார்த்து யூனிட்டில் ஒரு சத்தமில்லை. ஏழு வருடம் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது கண்ணெதிரே நடந்துவிட்டது.

உடனே சிரிப்பு ஷாட். எனக்கோ இன்னொரு கோணம் எடுக்க வேண்டியிருந்தது, வெளிச்சம் ஏறிக்கொண்டே போகிறது. அண்ணன் அவசரப்படவில்லை. மணலைத் தட்டிவிட்டு எழுந்து, கேமராவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பல் தெரியாமல் சிரித்தார். வெளியூர் போய்த் திரும்பியவர் வீட்டு வாசலில் சிரிக்கிற மாதிரி இருந்தது. நான் எரிச்சலோடு கட் என்று கத்தினேன்.

பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு துண்டு பறந்து வந்து என் காலில் பட்டது.

மார்ச் 20, வியாழன்

இதை எழுதவே கை வரவில்லை.

இன்று வடபழனியில் ஒரு பிரிவ்யூ தியேட்டரில் விநியோகஸ்தர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அடுத்த வாரம் என்று இருந்ததைத் தணிகாசலம் திடீரென்று இன்றைக்கு மாற்றிவிட்டார். எடிட்டர் ஷெரீஃப்புக்கு மஞ்சள் காமாலை, படுத்த படுக்கை. அவருடைய உதவியாளர் அரக்கப்பரக்கக் கோத்துக் கொடுத்த பிரதியை நான் பார்க்கக்கூட நேரமில்லை.

படம் ஆரம்பித்தது. தங்கப்பனைப் பெட்டியிலிருந்து வந்தது கடிக்கிறது. துடித்துச் செத்தான். தியேட்டர் அமைதியாக இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது திரையில் தங்கப்பன் எழுந்து உட்கார்ந்து, பல் செட்டைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து மடித்து வைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து ஈ என்று சிரித்தான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சிரிப்பு ஷாட்டுக்கு க்ளாப் அடிக்காததால், எண் இல்லாமல், அது தனி ஷாட்டாக நிற்கவில்லை. சாவு ஷாட்டின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. படப்பிடிப்புக்கு வந்திராத அந்த உதவியாளர், இதுவும் கதைதான் போலிருக்கிறது என்று வாலோடு சேர்த்து வைத்துவிட்டார்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தியேட்டர் வெடித்தது. அடுத்து பதிமூன்று பேர். ஒவ்வொருவனாகச் செத்தான், ஒவ்வொருவனாக எழுந்து சிரித்தான். தலை சீவியவனுக்குக் கைதட்டல். வணக்கம் வைத்தவனுக்கு விசில். நான் புரொஜெக்‌ஷன் அறைக்கு ஓடி நிறுத்தச் சொன்னேன். ஆபரேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்தவன் எப்படிச் சிரிக்கிறான் என்று பார்த்துவிட்டு நிறுத்துகிறேன் என்றார். கடைசிவரை நிறுத்தவில்லை.

கடைசியில் கடற்கரை. அங்கே சிரிப்பு வருவதற்கு முன்பாகவே சிரித்துவிட்டார்கள்.

விளக்குப் போட்டதும் மதுரை விநியோகஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டு, செத்தவன் சிரிக்கிறானே, அது யார் யோசனை என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தணிகாசலம் முந்திக்கொண்டார்.

"எல்லாம் நம்ம டைரக்டர் மூளைதான்."

படம் அங்கேயே விலை போனது. எனக்கு அழ வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைக்கவில்லை.

மார்ச் 22, சனி

தணிகாசலம் ஆபீஸுக்கு அழைத்தார். காபி கொடுத்தார். சிரிப்பு ஷாட்கள் அப்படியே இருக்க வேண்டுமாம். பெயரை 'மாமூல் காட்டேரி' என்று மாற்றியாகிவிட்டதாம். போஸ்டரில் பேய்க் காமெடி என்று போடப்போகிறார்களாம். நான் முடியாது என்றேன். அப்படியானால் வேறொருவரை வைத்து முடித்துக்கொள்கிறேன், உங்கள் பெயரை என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்றார், துளிக்கூடக் கோபமில்லாமல். எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மேகலா எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே என்றாள். கோபித்துக்கொள்வேன் என்றேன். சொல்லாமல் துணி மடிக்கப் போய்விட்டாள்.

மார்ச் 25, செவ்வாய்

ஒரு வழி தோன்றியது. சிரிப்பு ஷாட் என்பது நாகலிங்கம் அண்ணனுக்குப் புனிதமான விஷயம். அதைத் திரையில் போட்டுக் கூத்தடித்தால் அவர் மனம் புண்படும். அவரே ஆட்சேபித்தால் தணிகாசலம் பயந்துவிடுவார், சாமி பக்தி உள்ளவர். வியாசர்பாடிக்குப் போனேன்.

முதல் மாடியில் ஒற்றை அறை. சுவரில் நாடகப் படங்கள். எனக்கு டீ வாங்கிவரக் கீழ்வீட்டுப் பெண்ணை அனுப்பினார். நான் ஆரம்பித்தேன். ஐதீகம் என்றேன், சடங்கின் தூய்மை என்றேன், எமனோடு விளையாடக் கூடாது என்றுகூடச் சொன்னேன். அப்பா உயிரோடு இருந்து கேட்டிருந்தால் என்னை வீட்டைவிட்டுத் துரத்தியிருப்பார்.

அண்ணன் நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அதைப் பார்க்கலாமா என்று கேட்டார். என் போனில் போட்டுக் காட்டினேன். முதல் சாவு, முதல் சிரிப்பு. பிறகு கடற்கரை. இரண்டு தடவை பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"எத்தினி படத்துல பொணமா கெடந்திருக்கேன் தம்பி. மொத ரீல்லியே போட்டுத் தள்ளிடுவாங்க. ஒவ்வொரு தபாவும் எழுந்து சிரிச்சிருக்கேன், ஒவ்வொரு தபாவும் வெட்டிக் குப்பைல போட்டுட்டாங்க. நான் எழுந்துக்கினதை ஜனங்க பார்த்ததே கெடையாது."

பிறகு கேட்டார்: "இதை மெய்யாலுமே காட்டப்போறீங்களா?"

டீ ஆறிவிட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

சரணடைந்துவிட்டேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். மற்ற சாவுகளில் யார் வேண்டுமானாலும் சிரித்துத் தொலையட்டும். கடைசிச் சாவில் சிரிப்பு இருக்கக் கூடாது. மணலில் தங்கப்பன் கண்ணை மூடுகிறான், திரை கறுப்பாகிறது, படம் முடிகிறது. அது மட்டும் என் படம். தணிகாசலம் தாடையைச் சொறிந்தார். ஜனங்கள் ஏமாந்துபோவார்களே என்றார். ஏமாறட்டும் என்றேன். சரி, உங்கள் ஆசைக்கு அது ஒன்று என்று விட்டுவிட்டார்.

ஷெரீஃப் குணமாகி வந்துவிட்டார். அந்த வாலை அவரே வெட்டினார். வெட்டுவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, நிச்சயமாகத்தானா என்று கேட்டார். வெட்டுங்கள் என்று கையைக் காட்டினேன்.

ஜூலை 30, புதன்

நாகலிங்கம் அண்ணன் போன் செய்தார். முதல் காட்சிக்கு அவர் தெருவே வருகிறதாம். எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம், முதல் சிரிப்பு சும்மா, கடைசியில் கடற்கரையில் ஒன்று வரும் பாருங்கள், அதுதான் அசல் என்று.

போனில் சொல்வது முறையில்லை என்று நேரிலேயே போனேன். புது வேட்டி சட்டை வாங்கி வைத்திருந்தார். இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தது. அதைக் காட்டினார். கரை எடுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்தச் சிரிப்பை வெட்டிவிட்டதைச் சொல்லவே இல்லை. என் கோழைத்தனத்தை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டுகிறது. ஆள் வரச் சொன்னேன், வரவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

படம் வெளிவந்துவிட்டது.

பெரம்பூரில் ஒரு தியேட்டர், காலைக் காட்சி. ஒரு பக்கம் மேகலா, இன்னொரு பக்கம் புது வேட்டியில் நாகலிங்கம் அண்ணன். சுற்றிலும் அவர் தெரு. முதல் சிரிப்பு வந்தபோது அவர் பெயரைச் சொல்லிக் கூவினார்கள். அவர் குனிந்து சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் தியேட்டர் அதிகம் சிரித்தது எதற்கென்று எழுதிவிடுகிறேன். பஞ்சாயத்துக் காட்சிக்கு. சுகர் இல்லாத ஏரியா கேட்கிற காட்டேரிக்கு. அதில் சிரிப்பு ஷாட் எதுவும் கிடையாது. ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் நான் எழுதியது. பக்கத்தில் மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். இந்தத் தடவை முகத்தைப் பொத்திக்கொள்ளவில்லை. இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தாயா என்று கேட்டேன். தலையாட்டினாள். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அப்படியே இருந்தேன்.

பிறகு கடற்கரை. சூரியன் வந்தது. தங்கப்பன் ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டான்.

திரை கறுத்தது. தியேட்டரில் ஒரு சத்தமில்லை. அந்த அமைதி கிடைத்தே விட்டது. அவ்வளவு பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நேரம் எல்லோரும் எழுந்து எழுந்து சிரித்ததால், இவனும் எழுவான் என்று காத்திருந்தார்கள். அவன் எழவில்லை. எனக்கு வேண்டியது இதுதான், இதற்காகத்தான் இத்தனை வருடம். ஆனால் சந்தோஷமாக இல்லை.

"எந்திரி தலைவா," என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. மெதுவாகத்தான், கெஞ்சுவதுபோல. பின்னால் இன்னொரு குரல். பிறகு பல குரல்கள். திரையில் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எங்க தம்பி?"

நான் வெட்டிட்டேண்ணே என்றேன். அது அவர் காதில் விழும்படி சொன்னேனா என்று தெரியவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது. வெட்டுப்படுவது அவருக்குப் புதிதில்லையே. சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்திரி, எந்திரி என்று தியேட்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அவர் முழங்கையைத் தொட்டேன். என்ன நினைத்துத் தொட்டேன் என்று எனக்கே தெரியாது. "எழுந்திருங்கண்ணே" என்றேன்.

முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்கள் பக்கம் திரும்பி நின்றார். அவரைக் கண்டுகொண்ட வரிசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பல் தெரியாமல் சிரித்தார்.

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தை எழுதத் தெரியவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றார்கள். யாரோ ஒரு அம்மாள் அவர் கன்னத்தைத் தடவித் திருஷ்டி கழித்தார். நான் ஏழு வருடம் காத்திருந்த அமைதி அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை. மேகலா என்னைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையை நீட்டினாள்.

சத்தத்துக்கு நடுவில் அண்ணன் குனிந்து என் காதருகே கேட்டார். ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் எல்லா நடிகர்களும் கேட்கிற கேள்விதான்.

"சரியா வந்துச்சா தம்பி?"

ஓகேண்ணே என்றேன். இந்தப் படத்தில் நான் ஒரே டேக்கில் ஓகே சொன்னது அது ஒன்றுக்குத்தான்.